புகைபோக்கிக்குள் ஓடும் காற்றை அளக்க இத்தனை பாடா? தெரியுமா உங்களுக்கு?

"ஒன்று" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டீர்களா? அந்த ஒரே நொடியில் 8 மீட்டர் அகலமுள்ள ஓர் அனல்மின் நிலையப் புகைபோக்கி எவ்வளவு வாயுவை மேலே தள்ளியிருக்கும், தெரியுமா? வாயுவின் வேகம் நொடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 750 கன மீட்டருக்கும் மேல்!

அது எவ்வளவு என்று பிடிபடவில்லையா? 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையைக் கண் முன்னால் கொண்டுவாருங்கள். அப்படி 26 அறைகள் நிறையும்! ஒரே நொடியில்! ஒரு மணி நேரத்தில் 27 லட்சம் கன மீட்டர். ஒரு நாளில் ஆறரைக் கோடி கன மீட்டர்!

இத்தனையையும் அளக்க வேண்டும். ஏறக்குறைய என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டம் கேட்கும், கணக்கு கேட்கும், கீழே மூச்சுவிடும் ஊரும் கேட்கும். எதை வைத்து அளக்கிறார்கள்? அங்கேதான் ஆச்சரியமே ஆரம்பிக்கிறது!

*

முதலில் ஒரு கேள்வி. புகையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமா, எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிப்பது கடினமா?

"என்ன" என்பதுதான் கடினம் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! நூறு பங்கு புகையில் கரியமில வாயு எத்தனை பங்கு, கந்தக டை ஆக்சைடு எத்தனை பங்கு என்பதையெல்லாம் இன்றைய பகுப்பாய்வுக் கருவிகள் வெகு துல்லியமாகச் சொல்லிவிடும். அளவு தெரிந்த வாயு நிரப்பிய சிலிண்டரைத் திறந்து கருவியைச் சரிபார்த்தும் கொள்ளலாம்.

ஆனால் விகிதம் தெரிந்தால் போதுமா? பாலில் எத்தனை பங்கு தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. எத்தனை லிட்டர் பால் என்று தெரியாவிட்டால் தண்ணீர் எத்தனை லிட்டர் என்று எப்படிச் சொல்வீர்கள்? புகையிலும் அதே கதைதான். விகிதத்தை ஓட்டத்தால் பெருக்கினால்தான் டன் கணக்கு வரும். அந்த ஓட்டத்தைப் பிடிப்பதில்தான் உலகமே திணறுகிறது!

*

500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்று முழு வீச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு எத்தனை டன் கரியமில வாயு வெளியேறும், தெரியுமா? சுமார் 12,000 டன்!

இப்போது ஓட்டத்தை அளக்கும் கருவி வெறும் 5 சதவீதம் தப்பாகக் காட்டுகிறது என்று வையுங்கள். 600 டன் கணக்கில் காணாமல் போய்விடும், அல்லது இல்லாத 600 டன் கணக்கில் ஏறிவிடும்! 10 டன் லாரியில் ஏற்றினால் 60 லாரி! தினமும்!

இன்னொரு விந்தை தெரியுமா? எரிகிற கரி 1 கிலோ என்றால், புகைபோக்கி வழியே போகும் கரியமில வாயு 1 கிலோ இல்லை. ஏறக்குறைய 3.7 கிலோ! உள்ளே போனதைவிட வெளியே வருவது கனமா? ஆமாம்! ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறதே!

*

இந்தப் பிரம்மாண்டத்தை அளக்க இன்று உலகமெங்கும் அதிகம் கையாளப்படும் கருவிக்கு வயது என்ன தெரியுமா? முந்நூறை நெருங்குகிறது!

1732. பாரிஸ் நகரம். ஆன்ரி பிட்டோ என்ற பொறியாளர் சென் நதியில் ஒரு கண்ணாடிக் குழாயை இறக்கினார். குழாயின் அடி முனை வளைந்திருந்தது. வளைந்த வாய் ஓட்டத்துக்கு எதிர்முகமாக இருந்தது. என்ன நடந்தது? ஓடிவந்த தண்ணீர் குழாய்க்குள் முட்டி, நதியின் மட்டத்துக்கு மேலே ஏறி நின்றது! எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அவ்வளவு உயரம்!

அவ்வளவுதான் கருவி! சக்கரம் இல்லை, முள் இல்லை, சாவி கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. வளைந்த ஒரு குழாய்!

தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் குழாயில் 5 சென்டிமீட்டர் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால்? 10 சென்டிமீட்டரா? இல்லை, 20! வேகம் இரட்டிப்பானால் உயரம் நான்கு மடங்காகும்.

நதியில் ஆழம் கூடக் கூட வேகமும் கூடும் என்றுதான் அந்தக் காலத்தில் பலர் நம்பியிருந்தார்கள். பிட்டோவின் குழாய் அந்த நம்பிக்கையை உடைத்துப்போட்டது. அடியாழத்தில் ஓட்டம் மெதுவாகத்தான் இருந்தது!

நீங்கள் ஏறிப் பறக்கும் விமானம் தன் வேகத்தை எப்படித் தெரிந்துகொள்கிறது? அதே பிட்டோ குழாயால்தான்! பந்தயத்தில் சீறும் ஃபார்முலா ஒன் கார்களின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் பிட்டோ குழாய்தான்!

இவ்வளவு சின்னத் துளை அடைத்துக்கொண்டால்? 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் ஒரு பயணிகள் விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். வேகம் தவறாகக் காட்டப்பட்டதே காரணம். பிட்டோ குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பதுதான் புலனாய்வாளர்களின் சந்தேகம். ஒரு குளவிக்கூடு! நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

*

புகைபோக்கிக்குள்ளே குளவி வராது. ஆனால் சாம்பல் வருமே! ஊசி முனை போன்ற துளை நொடியில் அடைத்துக்கொள்ளும். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா?

எஸ் வகை பிட்டோ குழாய்! இரண்டு உலோகக் குழாய்களை முதுகோடு முதுகாக ஒட்டிவைத்தது போல இருக்கும். ஒன்றின் வாய் ஓட்டத்தைப் பார்த்தபடி, மற்றதன் வாய் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். குழாயின் பருமன் அரை முதல் ஒரு சென்டிமீட்டருக்குள். அகன்ற வாய் என்பதால் சாம்பல் எளிதில் அடைக்காது. எஃகுக் குழாயில் ஒரு பட்டறையே செய்து கொடுத்துவிடும். எவ்வளவு எளிமை!

ஆனால் எளிமைக்கு ஒரு விலை உண்டு. அது காட்டும் வேகம் அப்படியே உண்மை வேகம் இல்லை. 0.84 என்ற எண்ணால் பெருக்க வேண்டும்! உலகத்தில் எத்தனையோ புகைபோக்கிகளின் கணக்கு இந்த 0.84-ல்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குழாய் உணர வேண்டிய அழுத்தம் எவ்வளவு தெரியுமா? நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு! அழுத்தத்தைக் காட்டும் மானோமீட்டரில் தண்ணீர் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். ஒரு விரல் அகலம்! ஒரு நொடிக்கு 26 அறை வாயு போகிறது. அதைச் சொல்வது ஒரு விரல் அகலத் தண்ணீர்!

*

இப்போது கற்பனையில் அந்த மேடைக்கு ஏறி வாருங்கள். புகைபோக்கியைச் சுற்றி வளையமாக ஓர் இரும்பு மேடை. சுவரில் மூடியோடு ஒரு துளை. 'போர்ட்' என்பார்கள். மூடியைக் கழற்றியதும் 120, 130 டிகிரி சூட்டில் வாயு ஓடும் இரைச்சல். கையுறை போட்ட இருவர், ஆளைவிடப் பல மடங்கு நீளமான கம்பியை உள்ளே நுழைக்கிறார்கள். கம்பியின் நுனியில் எஸ் குழாய். கம்பியில் அங்கங்கே கோடு போட்டிருக்கிறது. முதல் கோடு துளை வாய்க்கு வந்ததும் நிறுத்துகிறார்கள். காத்திருக்கிறார்கள். மானோமீட்டரில் சிவப்பு எண்ணெய் மெல்ல நடுங்கி நிற்கிறது. எண்ணைக் குறிக்கிறார்கள். அடுத்த கோடு!

எந்தெந்த இடத்தில் கோடு போடுவது? மனம் போனபடியா? இல்லை! அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி பெரிய புகைபோக்கிக்குக் குறைந்தது 12 புள்ளிகள் கேட்கிறது. ஒரு விட்டத்தில் 6, அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு விட்டத்தில் 6. சுவரிலிருந்து விட்டத்தின் 4.4 சதவீதம், 14.6, 29.6, பிறகு 70.4, 85.4, 95.6 சதவீதத் தூரங்களில்!

இந்தப் பட்டியலில் எது இல்லை, கவனித்தீர்களா? 50! நட்டநடு மையத்தை அளப்பதே இல்லை!

ஏன் தெரியுமா? வட்டத்தைச் சம பரப்புள்ள மூன்று வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்தின் பரப்பையும் பாதியாக்கும் வட்டக்கோட்டில் அளக்கிறார்கள். 10 மீட்டர் அகலச் சிம்னியில் முதல் புள்ளி சுவரிலிருந்து 44 சென்டிமீட்டரில். இரண்டாவது ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில். வெளி வளையம் ஒல்லியாகத் தெரிந்தாலும் பரப்பு சமம்தான்! தோசைக்கல்லில் ஓரத்து மாவு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். மெல்லிசான ஓரம்தான், ஆனால் சுற்றளவு எவ்வளவு பெரியது!

*

சுவரை ஒட்டிய வாயு என்ன வேகத்தில் போகும் தெரியுமா? போகவே போகாது! சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வாயுவின் வேகம் பூஜ்யம்!

செங்கல் சுவர் சொரசொரப்பு. வாயுவை இன்னும் இழுத்துப் பிடிக்கும். அதனால் 1999-ல் வந்த அமெரிக்க விதி என்ன சொல்கிறது தெரியுமா? செங்கல் புகைபோக்கி என்றால் அளந்த வேகத்தை 0.99-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். மற்றவை என்றால் 0.995. சுவர் செங்கல்லா இல்லையா என்பதிலேயே அரை சதவீதம் வித்தியாசம்! முன்னே சொன்ன மின் நிலையத்துக்கு அது நாளொன்றுக்கு 60 டன்!

*

இதுவரை வாயு நேராக மேலே போகிறது என்றே பேசினோம். நேராகத்தான் போகிறதா?

இல்லை! வாயு புகைபோக்கிக்குள் எப்படி நுழைகிறது? பக்கவாட்டுக் குழாய் வழியாக வந்து, அடிப்பகுதியில் சடாரென்று 90 டிகிரி திரும்பி மேலே ஏறுகிறது. அந்தத் திருப்பத்தில் சுழி பிறக்கிறது. தேநீரைக் கரண்டியால் கலக்கியது போல, வாயு முழுதும் சுற்றிச் சுற்றி, திருகாணி மாதிரி மேலே ஏறும்!

நமக்கு வேண்டியது மேலே போகும் வேகம் மட்டும். ஆனால் எஸ் குழாய்க்கு மேலும் தெரியாது, பக்கமும் தெரியாது. தன் வாயில் முட்டுவதையெல்லாம் சேர்த்துச் சொல்லிவிடும். ஓட்டம் 20 டிகிரி சாய்ந்திருந்தால் மேல்நோக்கிய வேகம் மொத்த வேகத்தில் 94 சதவீதம்தான். 30 டிகிரி என்றால் 87 சதவீதம். அதனால்தான் சராசரிச் சாய்வு 20 டிகிரியைத் தாண்டினால் எஸ் குழாயை வழக்கமான முறையில் பிடிப்பதை அமெரிக்க விதி ஏற்காது.

20-க்குள் இருந்தால் பிழையே இல்லையா? அதுதான் இல்லை! 18 டிகிரி சுழி இருக்கும் சிம்னியும் விதியில் தேறிவிடும். ஆனால் கணக்கில் பிழை அப்படியே தங்கிவிடும்!

*

இப்போது கேளுங்கள், தலை சுற்றப்போகிறது!

இன்று பெரிய புகைபோக்கிகளில் இரவும் பகலும் தானாக அளக்கும் மீயொலிக் கருவிகள் உண்டு. கணினி உண்டு, திரை உண்டு. பழைய குழாய்க்கு வேலையே இல்லை என்றுதானே தோன்றும்?

ஆனால் அந்த நவீனக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது தணிக்கை செய்ய வேண்டும். எதை வைத்து? அதே எஸ் குழாயை வைத்து! இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் தேறியது. குழாய் சொன்ன எண்ணுக்கு ஏற்பக் கருவியைத் திருத்தியும் வைக்கிறார்கள்!

விளங்குகிறதா? தராசு சரிதான், அதைச் சரிபார்க்கும் படிக்கல்லில்தான் ஐயம்! குழாய் சுழியில் ஏமாந்தால், அந்த ஏமாற்றம் கருவிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு அடுத்த தணிக்கை வரை வருடம் முழுக்கப் பேசும். எத்தனை விலை உயர்ந்த கருவியானாலும் சரி! இந்த ஒரு விஷயத்தைப் படித்த நாளிலிருந்து, எந்தப் புகைபோக்கியைக் கடந்தாலும் என் கண் தானாக அந்த இரும்பு மேடையைத் தேடுகிறது.

*

இந்தச் சுழிச் சிக்கலைத் தீர்க்க என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு புகைபோக்கியைக் கட்டி, அதைப் படுக்க வைத்துவிட்டார்கள்!

நிஜமாகத்தான்! அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊர். அங்கே தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, சுருக்கமாக நிஸ்ட். மீட்டர் என்றால் எவ்வளவு, கிலோகிராம் என்றால் எவ்வளவு என்று அந்த நாட்டுக்கே சொல்லும் இடம். நிஜப் புகைபோக்கியின் விட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அளவில் அவர்கள் ஒன்றைச் செய்தார்கள். சோதனைப் பகுதியின் விட்டம் 1.2 மீட்டர். நிமிர்த்தி வைக்கவில்லை, கிடையாகக் கிடத்தினார்கள். எதற்கு? ஏணி ஏறாமல், தரையில் நின்றபடியே கருவியைப் பொருத்தலாமே!

அதற்குள் புகை உண்டா? துளியும் இல்லை! வெறும் காற்று! ராட்சத விசிறிகள் காற்றை உறிஞ்சி இழுக்கின்றன. ஒரு கூர்மையான திருப்பம் வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே! சுழி உண்டாக வேண்டும் என்பதற்காகவே! ஊரெல்லாம் சுழியைக் கண்டு பயப்பட, இவர்கள் சுழியை வளர்க்கிறார்கள்!

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. அந்தக் குழாயின் ஒரு பகுதியில் காற்று ஒழுங்காக, அமைதியாக ஓடுகிறது. இன்னொரு பகுதியில் சுழன்று தறிகெட்டு ஓடுகிறது. ஆனால் ஓடுவது அதே காற்றுதானே? நடுவில் எங்கும் ஓட்டை இல்லையே! அமைதியான பகுதியில் 8 மீயொலிப் பாதைகள் கொண்ட மீட்டர் மொத்த ஓட்டத்தை 1 சதவீதத்துக்கும் குறைவான ஐயத்தில் சொல்லிவிடும். ஆகவே சுழிப் பகுதியில் வைத்த எந்தக் கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்! இத்தனை காலம் புகைபோக்கிக் கருவிகளுக்கு இப்படி ஒரு பரீட்சைக்கூடம் இல்லாமல் இருந்தது என்பதை நினைத்தால்தான் ஆச்சரியம் தாங்கவில்லை!

*

மீயொலி மீட்டர் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? ஆற்றில் பரிசல் விடுவது போல! ஓட்டத்தோடு போனால் சீக்கிரம் கரை சேரலாம், எதிர்த்துப் போனால் தாமதமாகும். ஒலியும் அப்படித்தான்!

8 மீட்டர் அகலச் சிம்னி, 120 டிகிரி சூடு, நொடிக்கு 15 மீட்டர் ஓட்டம். 45 டிகிரி சாய்வாக ஒலியை மேலே அனுப்பினால் ஒரு நேரம், கீழே அனுப்பினால் கொஞ்சம் கூடுதல் நேரம். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினால் ஒன்றரைத் துண்டு! ஒரு கொசு ஒரே ஒரு தடவை சிறகடிக்க ஏறக்குறைய இரண்டு துண்டு நேரம் ஆகும். அதற்குள் முடிந்துவிடுகிற வித்தியாசம்! அதையும் 1 சதவீதத் துல்லியத்தில் பிடிக்க வேண்டும் என்றால்? நொடியின் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு!

இன்னொரு பரிசும் கிடைக்கிறது. சூடு ஏற ஏற ஒலி வேகமாக ஓடும் அல்லவா? நம் வீட்டுக் காற்றில் நொடிக்கு சுமார் 345 மீட்டர் ஓடும் ஒலி, 120 டிகிரி காற்றில் 397 மீட்டர் ஓடும். அதனால் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வாயுவின் சூடும் தெரிந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாமலே!

ஒரே ஒரு ஒலிப்பாதை வைத்தால் சுழி அதையும் ஏமாற்றும். பக்கவாட்டில் வீசும் காற்றையும் மேலே போகும் காற்று என்று நினைத்துக்கொள்ளும். தீர்வு என்ன தெரியுமா? இன்னொரு பாதையைக் குறுக்கே போடு! பெருக்கல் குறி மாதிரி! பக்கக் காற்று ஒரு பாதையில் கூட்டிக் காட்டும். மற்றதில் அதே அளவு குறைத்துக் காட்டும். சராசரி எடுத்தால் பொய் பொய்யோடு அடிபட்டுப் போய்விடும்! நிஸ்ட்டின் படுத்த புகைபோக்கியில் ஒற்றைப் பாதை தடுமாறிய இடத்தில் பெருக்கல் குறி நிமிர்ந்து நின்றது. இரண்டே கோடுகள்!

*

குழாயையும் அவர்கள் கைவிடவில்லை. எஸ் குழாய்க்கு வாய் இரண்டு. புதிய தலைமுறைக் குழாய்க்கு எத்தனை தெரியுமா? ஐந்து! உருண்டை முனையிலோ கூம்பு முனையிலோ நடுவில் ஒரு துளை, நான்கு பக்கமும் நான்கு. மேலா, பக்கமா, எந்தச் சாய்வு என்று எல்லாமே தெரிந்துவிடும்.

ஐந்து துளைக் குழாய் முன்பே உண்டுதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த நீளக் கம்பியைக் கையால் திருப்பித் திருப்பி, எதிர்ப்பக்கத் துளைகளின் அழுத்தம் சமமாகும் வரை நிற்க வேண்டும். 12 புள்ளி, சில நேரம் இன்னும் அதிகம். ஒவ்வொன்றிலும் அந்தக் கூத்து! சூட்டிலும் காற்றிலும் மேடையில் நிற்பவர்களின் தோள் என்ன பாடுபடும்?

நிஸ்ட் என்ன செய்தது? "திருப்பவே வேண்டாம்!" காற்றுச் சுரங்கத்தில் வைத்துக் குழாயை எல்லாச் சாய்விலும் முன்கூட்டியே பழக்கிவிட்டார்கள். எந்தக் கோணத்துக்கு எந்த ஐந்து அழுத்தம் என்று ஒரு பெரிய அட்டவணையே தயார்! மேடையில் நிற்பவர் கம்பியை நுழைத்தால் போதும்; மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்!

*

ஒரு காலத்தில் புகையை வெறும் கண்ணால் அளந்தார்கள், தெரியுமா? 1888-ல் மாக்சிமிலியன் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் ஓர் அட்டை போட்டார். கறுப்புக் கோடுகளால் கட்டம் கட்டிய அட்டை. தூரத்தில் வைத்துப் பார்த்தால் கோடுகள் மங்கிச் சாம்பல் நிறமாகத் தெரியும். புகையின் நிறம் எந்த அட்டையோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து 0 முதல் 5 வரை மார்க்!

 

*

கண்ணுக்குத் தெரியாத வாயுவை ஏலம் விட்டிருக்கிறார்கள், தெரியுமா? 1993 மார்ச், சிகாகோ வாணிப வாரியம். விலை பேசப்பட்டது என்ன? 1 டன் கந்தக டை ஆக்சைடை வெளியேற்றும் உரிமை! அமில மழையைத் தடுக்க வந்த திட்டம் அது. 1995-ல் நடைமுறைக்கு வந்தது. டன்னை விற்க வேண்டும் என்றால் டன்னை அளக்க வேண்டுமே! அதற்காகத்தான் அமெரிக்க மின் நிலையப் புகைபோக்கிகளில் ஓட்ட மீட்டர்கள் ஏறின. 1990-ல் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னைத் தாண்டியிருந்த மின் நிலையக் கந்தக டை ஆக்சைடு, 2020-ல் 10 லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது!

நம் நாட்டிலும் இப்படி ஒரு சந்தை உண்டு! 2019-ல் குஜராத்தின் சூரத் நகரில் தொடங்கியது. அங்கே விற்பது புகைத் துகள்! உலகத்திலேயே முதல் நுண்துகள் சந்தை அதுதான் என்று சொல்லப்படுகிறது. சந்தையில் சேர்ந்த ஆலைகளின் துகள் வெளியேற்றம் 20 முதல் 30 சதவீதம் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

தமிழ்நாட்டில்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் மாசு அதிகமுள்ள 17 வகைத் தொழில்களுக்கு நேரடிக் கண்காணிப்புக் கருவி வைக்கச் சொன்னது. இங்குள்ள அனல்மின் நிலையங்களும் சிமென்ட் ஆலைகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

*

உலகிலேயே உயரமான புகைபோக்கி எது தெரியுமா? கஜகஸ்தானில் எக்கிபஸ்தூஸ் மின் நிலையத்தில். 419.7 மீட்டர்! ஐஃபெல் கோபுரம் 330 மீட்டர்தான்!

கனடாவின் சட்பரியில் 381 மீட்டர் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, 1970 ஆகஸ்ட்டில் ஒரு சூறாவளிச் சுழல் வந்து தாக்கியது. உச்சியில் தொழிலாளர்கள் இருந்தார்கள். புகைபோக்கி ஆடியது, விழவில்லை! அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்!

*

விண்வெளியிலிருந்து ஒரு தனிப் புகைபோக்கியின் மூச்சைப் பார்க்க முடியுமா? முடியும்! 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஓசிஓ-2 செயற்கைக்கோள் 2014-ல் ஏவப்பட்டது. அதன் தரவை வைத்துத் தனித்தனி மின் நிலையங்களின் கரியமில வாயுவைக் கணக்கிட முடியும் என்று 2017-ல் காட்டினார்கள். போலந்தின் பெல்ஹாத்தூப் மின் நிலையத்தில் உற்பத்தி குறைந்ததும் வானத்திலிருந்தே தெரிந்தது! ஆனால் வானத்துக் கணக்கு சரியா என்று எதோடு ஒப்பிடுவது? கீழே மின் நிலையங்கள் தரும் கணக்கோடுதான்!

*

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு!

சுழியைக் கண்டுகொள்ளாத ஒலி ஒன்று உண்டு, தெரியுமா? மீயொலியின் அலை நீளம் மிகக் குறுகியது; அது ஒரு கோட்டில்தான் அளக்கும். அலை நீளத்தைக் கூட்டிக்கொண்டே போய், புகைபோக்கியின் அகலத்தைவிட நீளமாக்கினால்? அலை முழு அகலத்தையும் ஒரே தகடாக அடைத்துக்கொண்டு நகரும்! புள்ளி வேண்டாம், கோடு வேண்டாம்; மொத்தப் பரப்பின் சராசரி வேகத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்! நிஸ்ட் ஆய்வாளர்கள் இதை 10 சென்டிமீட்டர் குழாயில் செய்து பார்த்தார்கள்.

நிஜப் புகைபோக்கிக்கு எவ்வளவு தாழ்ந்த ஒலி வேண்டும்? 8 மீட்டர் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 29 அதிர்வுக்குக் கீழே! மனிதக் காது 20-க்குக் கீழே கேட்காது. கேட்டும் கேட்காத எல்லையில் இருக்கிறது அந்த ஒலி!

அந்த எல்லையில் பேசிக்கொள்ளும் உயிர் எது தெரியுமா? யானை! 1984-ல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் காற்றில் ஏதோ துடிப்பதை உடம்பு உணர்ந்தது. சிறு வயதில் தேவாலயத்தின் மிகப் பெரிய ஆர்கன் குழாய் அருகே நின்று பாடியபோது இதே துடிப்பை உணர்ந்தது அவருக்கு நினைவு வந்தது. பதிவு செய்து பார்த்தால், யானைகள் 14 முதல் 24 அதிர்வில் பேசிக்கொண்டிருந்தன!

எட்டு மீட்டர் அகலப் புகைபோக்கியின் ஓட்டத்தை அளக்க வேண்டிய ஒலியும் அதே இடத்தில்தான் இருக்கிறது!